கன்னியாவுக்குக் கீழே எரிமலை இல்லை, அம்மா

மெக்சிக்கோ நகரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று மாதமாக நான் ஒரு வரியும் எழுதவில்லை என்று கோணேசரிடமே முறையிட்டீர்களாம். பரீட்சைதான் காரணம், வேறொன்றுமில்லை.

போன கிழமை வகுப்போடு போப்போகாடேபெட்ல் எரிமலையைப் பார்க்கப் போனோம். 'புகையும் மலை' என்று பொருள். 5,400 மீற்றர்; நம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலை இரண்டை அடுக்கினாலும் எட்டாது. 1994 டிசம்பரில் விழித்தது இன்னும் அடங்கவில்லை. பயப்படாதீர்கள், வாய்க்குக் கிட்ட எவரையும் விடுவதில்லை. நாங்கள் நின்றது எதிர்மலையில். விடியற்காலையில் சாம்பல்நிறப் புகை சத்தமில்லாமல் எழும்பியது. பேராசிரியர் எண்ணச் சொன்னார். முப்பத்து மூன்று எண்ணியபிறகுதான் உறுமல் வந்தது. சத்தத்துக்குக் கிலோமீற்றருக்கு மூன்று விநாடி; அப்படியென்றால் பதினொரு கிலோமீற்றர் தூரம். தட்டில் விழுந்த சாம்பல் பல்லில் நறநறத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கண்ணாடிச் சில்லுகள்.

குளிரை எழுதி என்ன, உங்களுக்குப் புரியாது. அந்த உயரத்தில் தண்ணீர் 87 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. நீங்கள் அனுப்பிய பருப்பை இரண்டு மணித்தியாலம் அவித்தேன், கல்லாகவே கிடந்தது. சப்பாத்து ஒரு நண்பனுடையது. புதிது வாங்க நேரம் கிடைக்கவில்லை.

பக்கத்து அறைக் கிழவி மலையை 'டோன் கோயோ' என்கிறாள்; 'டோன்' நம் 'ஐயா' மாதிரி, 'கோயோ' கிரகோரியின் செல்லப்பெயர். மார்ச் 12, புனித கிரகோரியார் நாளில், அடிவாரத்து மக்கள் அதற்கு உடுப்பும் சாப்பாடும் கொண்டுபோய் வைப்பார்களாம். நீங்கள் காளி கோயிலில் மடை வைப்பதை அவளுக்குச் சொன்னேன். "அப்படியென்றால் உன் அம்மாவுக்கு விளங்கும்" என்றாள்.

நம் திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் கீழே எரிமலை படுத்திருக்கிறது என்று அப்பா சொல்வாரே, அது பிழை. மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கி, அங்கே சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லி அவரோடு சண்டை பிடிக்க வேண்டுமென்று இரண்டு வருடமாக வைத்திருந்தேன். அவருடைய அந்தியேட்டிக்கு அந்தக் கிணற்றடியில் தம்பி நின்றான். மூத்தவன் நான், இங்கே நூலகத்தில் இருந்தேன்.

சரி. ஆண்டுத் திவசத்துக்கு ஐயரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். காசு மாத முடிவில் அனுப்புகிறேன். அதுவரை தங்கச்சியின் சீட்டுக் காசில் எடுங்கள், திருப்பித் தந்துவிடுவேன். உப்புவெளி வளவின் உறுதிப் பத்திரத்தை மாமா கேட்டால், நான் வரும்வரை கொடுக்காதீர்கள். தம்பியையும் எதிலும் கையெழுத்து வைக்க விடாதீர்கள். கிணற்றடி மதிலை மழைக்கு முன் கட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மூத்தவன்