உன் டிசையர் காரின் டக் டக் சத்தம் பற்றி

அன்புள்ள இளங்கோ,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பல தடவை போட்டுக் கேட்டேன், முக்கியமாக நீ பேச்சை நிறுத்திவிட்டு வேகத்தடையில் வண்டியை ஏற்றி இறக்கிய அந்தக் கொஞ்ச நேரத்தை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். நித்யாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்து போன மாதம் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லையாம், மற்றபடி சந்தோஷமாக இருக்கிறாள். அம்மாவுக்கு முதுகு வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தென்காசி அல்வா வந்த அன்றே தீர்ந்தது. தம்பி மகன் பத்தாம் வகுப்பு தேறிவிட்டான் என்று எழுதியிருந்தாய், அவனிடம் நான் மிகவும் சந்தோஷப்பட்டதாகச் சொல்.

சரி, வண்டிக்கு வருகிறேன். முன்பக்க சஸ்பென்ஷன் (சக்கரத்தை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்குகிற அமைப்பு) மொத்தமும் மாற்றணும், நாற்பதாயிரம் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதாகச் சொன்னாய். எது போயிருக்கிறது என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் காட்டாத வரைக்கும் சரி என்று சொல்லாதே. எல்லாமே போயிருக்கவும் கூடும், 2013 வண்டி, செங்கோட்டைப் பக்கம் மலைப்பாதையில் ஓடுவது. ஆனாலும் பார்த்துவிட்டு மாற்றுவது வேறு, பார்க்காமல் மாற்றுவது வேறு.

என் ஸ்விஃப்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையை நாலு வழியாக்கும் வேலை வருஷக்கணக்கில் இழுத்ததே, அந்தக் காலத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு அந்த வழியாக ஊருக்கு நாலைந்து தடவை போய் வந்தேன். தார் இருக்கும் இடம், ஜல்லி மட்டும் இருக்கும் இடம், திடீரென்று ஒரு பள்ளம். கடைசித் தடவை பின்சீட்டில் அம்மா ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். சத்தம் அதற்கு ஆறு மாதம் முன்பே ஆரம்பித்திருந்தது, நான்தான் தள்ளிப்போட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

மெக்கானிக் தூக்கிப் பார்த்ததில் இடது லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடியோடு இணைக்கிற இரும்புக் கை) புஷ் என்கிற ரப்பர் கிழிந்திருந்தது, அந்தக் கையின் நுனியில் சக்கரம் திரும்புவதற்காக இருக்கிற பால் ஜாயின்ட் ஆடியது, வளைவில் வண்டி சாயாமல் தடுக்கிற கம்பியை இணைக்கும் லிங்க் ராடு இரண்டும் லூஸ். ஷாக் அப்சார்பர் மட்டும் அப்போது நன்றாகவே இருந்தது. அவசரத்தில் பக்கத்திலேயே ஒரு கடையில் லோயர் ஆர்ம் வாங்கினேன். கார் கம்பெனி பெயர் போட்ட பெட்டிதான், விலை மட்டும் ஆயிரம் ரூபாய் குறைவு, பில் வேண்டுமென்றால் வரி சேரும் என்றார்கள், வேண்டாம் என்றேன். ஐந்தே மாதம். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது) செய்யப் போன இடத்தில் அந்தப் பையன் சக்கரத்தை ஆட்டிவிட்டு, அண்ணா இதை வைத்துக்கொண்டு ஹைவேயில் போகாதீங்க என்றான். பால் ஜாயின்டின் ரப்பர் உறை வெடித்து, உள்ளே கிரீஸ் காய்ந்து மண் புகுந்திருந்தது. பழைய பெட்டியை எடுத்துப் பார்த்தால் எழுத்து மங்கல், தயாரித்த மாதமே அச்சிடவில்லை, போலி என்று அப்போதுதான் புரிந்தது. கடையில் கேட்டால் பில் எங்கே என்றார்கள். பால் ஜாயின்ட் கழன்றால் அந்தப் பக்கச் சக்கரம் அப்படியே மடங்கிவிடும், ஸ்டியரிங்கைப் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஐந்து மாதத்தில் இரண்டு தடவை நித்யாவே வண்டியை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போயிருக்கிறாள்.

அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது உன் வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்துவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது) சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல். ஆட்டம் இருந்தால் நீ உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதி. அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது லூஸ் தெரிந்தால் டை ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பி) பக்கம் பார்க்கணும். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மட்டும் டக் டக் என்று வருவது பெரும்பாலும் லிங்க் ராடு. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, இரண்டு லிங்க் ராடையும் கழற்றிவிட்டுத் தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று போய்வா, சத்தம் போயிருந்தால் அதுதான் காரணம். நீ அனுப்பிய சத்தம் எனக்கு அப்படித்தான் கேட்டது. அது மட்டும்தான் என்றால் நாற்பதாயிரம் எங்கே, இது எங்கே.

ஷாக் அப்சார்பருக்கு, பானட்டின் ஓரத்தை அமுக்கிவிட்டு விடுவதை எல்லோரும் செய்கிறார்கள், பல தடவை எழும்பி விழுந்தால் போய்விட்டது என்று தெரியும், ஆனால் ஒரே தடவையில் நின்றுவிட்டது என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று நம்ப முடியாது. எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா பார். டயரைக் கையால் தடவு, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஒரு அடையாளம். போயிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்று, ஒரு பக்கம் புதிது ஒரு பக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) எப்படியும் பிரிக்கிறார்கள், அப்போதே மேலே உள்ள ரப்பர் மவுண்ட், பேரிங், அடி வாங்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் எல்லாம் மாற்றிவிடு, கூலி ஒன்றுதான். ஸ்பிரிங் உடையாமல், தொய்யாமல் இருந்தால் அதையே போடலாம்.

எங்கே வாங்குவது என்று கேட்டாயே. லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், டை ராடு என்று சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிற எதையும் கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கு. திருநெல்வேலியிலோ மதுரையிலோ கிடைக்கும். இல்லாவிட்டால் கார் கம்பெனிகளுக்கே நேரடியாகப் பாகம் கொடுக்கிற தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வருவதை வாங்கலாம். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளுக்கு நம் சென்னையின் ரானே இருக்கிறது, ஷாக் அப்சார்பருக்கு கேப்ரியல், அவர்களுக்கு ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது, மாருதிக்கும் கொடுக்கிறார்கள். கார் கம்பெனி பெட்டியை விட விலை கொஞ்சம் குறையும், தரத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டாவது தடவை நான் சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில்தான் வாங்கினேன், அங்கே இருபது கடை ஏறி இறங்கலாம், எம்.ஆர்.பி.யில் தள்ளுபடியும் கொடுப்பார்கள், ஆனால் பில் போடுகிற கடையாகப் பார்த்துத்தான் நின்றேன். ஆன்லைனில் வாங்குவதைத் தப்பென்று சொல்லமாட்டேன், விற்பவர் யார், திருப்பி எடுப்பாரா என்பதைப் பார்த்துக்கொள். வந்த பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்து வை.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகலாமா என்று உன் மச்சான் கேட்டதாகச் சொன்னாய். கதவு, கண்ணாடி, ஹெட்லைட் வேண்டுமானால் தாராளமாகப் போகலாம், நானே என் வண்டிக்கு அங்கேதான் பக்கக் கண்ணாடி வாங்கினேன். ரப்பரும் பால் ஜாயின்டும் பழையதாக வாங்குவதில் அர்த்தமே இல்லை, அது எவ்வளவு ஓடியது, எந்த விபத்தில் மாட்டியது என்று யாருக்குத் தெரியும். ஷாக் அப்சார்பரில் துளை போட்டு எண்ணெய் மாற்றிப் பற்றவைத்துத் தருகிற ரீகண்டிஷனும் வேண்டாம்.

பாகத்தின் நம்பரை, உன் வண்டியின் சேஸிஸ் நம்பர் (வண்டிக்கே உரிய அடையாள எண்) கொடுத்து எடுக்கச் சொல். டிசையர் என்று மட்டும் சொன்னால் பழையதா புதியதா என்பதிலேயே குழப்பம் வரும், உன்னுடையது டீசல் வேறு, முன்பக்க ஸ்பிரிங்கே மாறும். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பழைய ஸ்டாக்கில் பழைய எம்.ஆர்.பி. இருந்தால் கேட்டுக் குறைத்துக்கொள். ரப்பர் பாகத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் பார், நாலைந்து வருஷம் அலமாரியில் கிடந்ததை வாங்காதே.

இன்னும் ஒன்று, இது யாரும் சொல்வதில்லை, எனக்கு ஒரு வயதான மெக்கானிக் சொல்லிக்கொடுத்தார். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போதே முழுசாக இறுக்கக் கூடாது. உள்ளே இருக்கிற இரும்புக் குழாயோடு ரப்பர் ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். பாதி இறுக்கிவிட்டு, வண்டியை இறக்கி எடை சக்கரத்தில் விழுந்த பிறகு கடைசி இறுக்கம் கொடுக்கணும். எவ்வளவு நல்ல பாகம் வாங்கினாலும் இதைச் செய்யாவிட்டால் காசு வீண். நீ பக்கத்திலேயே நின்று பார். அதேபோல ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டை பிளையரால் பிடிக்க விடாதே, ஒரு கீறல் போதும், சீல் போய்விடும். எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட்.

ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர் இருக்கிற பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு. மெக்கானிக் பார்த்துவிட்டு எதெது போயிருக்கிறது என்று சொன்னதும் நான் ஒரு சனிக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போய் விலை கேட்டுச் சொல்கிறேன், திருநெல்வேலியை விடக் குறைந்தால் வாங்கி பார்சலில் போட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் மலைப்பக்கம் வண்டியை எடுக்காதே. அத்தையைச் செங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் டாக்சி பிடித்துக்கொள்.

அன்புடன்,
சேகர்