அம்மாவுக்கு ஆறுகளைக் கொண்டுவந்து தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் நான் ஒரு உதவி கேட்டு எழுதியிருந்தேன், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கண் நீர் அழுத்த நோயால் அம்மாவுக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது, அவர் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர், தாத்தா தோணி தள்ளிப் பிழைத்தவர், அதனால் ஆறுகளைப் பற்றியும் ஆற்றை நம்பி வாழ்கிறவர்களைப் பற்றியும் நல்ல புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள், ராத்திரியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று. நாலைந்து பெயர் கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் பெயரோடு நிற்கவில்லை, புத்தகத்தையே அனுப்பினீர்கள், குரலை அனுப்பினீர்கள், ஞாயிற்றுக்கிழமைகளை அனுப்பினீர்கள். தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், எல்லோரும் சேர்ந்து என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அம்மாவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், இரண்டு பக்கம் போனதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இதை எழுதினவர் தண்ணியில இறங்கினவரா, கரையில நின்னவரா?" கரையில் நின்றவர் என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. யார் கண்ணால் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும் அவருக்கு. இத்தனை வருடம் வாசிக்கிற எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை.

சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971இல் வந்த 'நடந்தாய் வாழி காவேரி'யின் பழைய பிரதியை உங்கள் அலமாரியிலிருந்து எடுத்து அனுப்பினீர்களே அக்கா, அதில்தான் தொடங்கினோம். தலைப்பு சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலிருந்து வந்தது என்று சொன்னதும் அந்தப் பாட்டையே முதலில் வாசிக்கச் சொன்னார் அம்மா. இவர்கள் இறங்கினவர்களா, நின்றவர்களா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஆத்தோட கூடவே போனவங்க" என்று மூன்றாவதாக ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பியபோது வழியில் தொலைந்துபோனது. நான் எத்தனையோ முறை அலைந்தும் கிடைக்கவில்லை, உங்களிடம் சொல்ல ஒரு வாரம் தைரியமே வரவில்லை. உள்ளே உங்கள் அப்பாவின் கையெழுத்து இருந்த பிரதி அது. நீங்கள் "சரி விடுங்க, எடுத்தவர் படிக்கட்டும், அம்மாவுக்கு அடுத்தது என்ன அனுப்ப?" என்று கேட்டீர்கள். அக்கா, அந்தப் பதிலை நான் அம்மாவிடம் வாசித்தே காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் பரிபாடல். பள்ளிக்கூடத்தில் பெயரோடு கடந்து வந்த நூல். தமிழாசிரியர் ஒருவர் வாரம் ஒரு பாட்டு என்று எடுத்து, சீர் பிரித்து, நிதானமாக உரை சொல்லிப் பதிவு செய்து அனுப்பினார். எழுபது பாடல்களில் 26 வையையை, அதாவது வைகையைப் பற்றியவையாக இருந்தன, முழுதாக நமக்குக் கிடைத்தது எட்டுதான் என்று அவர் சொன்னதும், "மீதி எங்க போச்சு?" என்று அம்மா பதறிவிட்டார். செல் அரித்தது, வெள்ளம் கொண்டுபோனது, யாரும் திரும்ப எழுதி வைக்காமல் விட்டது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பூவும் நுரையுமாகப் புதுப்புனல் வருவதும், ஊரே நீராட ஓடுவதும் வரும் இடத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் ஐயா நீங்கள். புதுத்தண்ணி வருவதற்கு முன்னால் சருகும் குச்சியும் மிதந்து வரும், நிறம் மாறும், அதைப் பார்த்ததும் தாத்தா தோணியை மேலே இழுத்துக் கட்டிவிடுவார் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். நாற்பது வருடத்தில் நான் கேட்காத கதை.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா, உங்களைப் பற்றி நிறைய எழுத வேண்டும். மார்க் ட்வைன் 1883இல் எழுதிய மிசிசிப்பி நூலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன், பாதி இடங்களில் எனக்கே புரியவில்லை. எழுத்தாளர் ஆவதற்கு முன்னால் அவர் நீராவிக் கப்பல் ஓட்டியவர், 1859இல் உரிமம் வாங்கியவர், அவருடைய புனைபெயரே ஆழம் பார்க்கிறவர்கள் கூவும் சொல், இரண்டு 'ஃபேதம்', அதாவது 12 அடி ஆழம் இருக்கிறது என்று அர்த்தம், இதையெல்லாம் நீங்கள்தான் விளக்கினீர்கள். இரண்டு கையையும் விரித்த நீளம்தான் ஃபேதம் என்றதும் "அட, ரெண்டு பாகம்" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லில் மிசிசிப்பி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. 176 வருடத்தில் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி நீளத்தில் 242 மைல் குறைந்துவிட்டது என்று அவர் எழுதியிருப்பதை நான் ஏதோ கற்பனை என்று தள்ளிவிடப் பார்த்தேன். வளைவின் வெளிக்கரையில் நீர் வேகமாக ஓடி அரிக்கும், உட்கரையில் மெதுவாக ஓடி மணலைப் போடும், வளைவு இறுகி இறுகிக் கழுத்து மெலிந்து ஒரு வெள்ளத்தில் அறுந்து ஆறு நேராகிவிடும், விடுபட்ட துண்டு குதிரைக் குளம்பு ஏரியாக நிற்கும் என்று ஒரு மணி நேரம் போனில் பொறுமையாகச் சொன்னீர்கள். ஆற்றின் பாஷை தெரிந்த பிறகு அதன் அழகு தன்னைவிட்டுப் போய்விட்டது என்று ட்வைன் வருந்தும் பகுதி வந்தபோது அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சுழி எங்கே, மடு எங்கே என்று தாத்தாவுக்குத் தெரியும், ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்ததும் துறையில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார் என்றார். நான் அம்மா பக்கம்.

இப்போது திதாஸ், அந்த வங்காள நாவல். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வங்காளம் தெரிந்த நண்பர் நீங்கள், ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு அழைத்து, மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கங்கே வங்காளத்திலேயே ஒரு வரி சொல்லி, பிறகு தமிழில் கதையாகச் சொல்வீர்கள். பதினான்கு வாரம். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அத்வைத மல்லபர்மன் மாலோ என்ற மீனவச் சமூகத்தில் பிறந்து, 1951இல் 37 வயதிலேயே காசநோயில் இறந்துபோனவர், 'திதாஸ் ஒரு நதியின் பெயர்' புத்தகமாக வந்தது 1956இல், அவர் அதைப் பார்க்கவே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. வலையும் படகும் கல்யாணமும் சாவுமாக அந்த ஆற்றோடு ஒட்டி வாழ்கிறார்கள், அப்புறம் ஆறு தூர்ந்து நடுவில் மணல்திட்டு எழும்புகிறது, அந்த நிலத்தைப் பிடிக்க வேறு ஆட்கள் வருகிறார்கள், மாலோக்கள் சிதறிப்போகிறார்கள். கடைசி வாரம் நீங்கள் நிறுத்திய பிறகு போனில் இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. "எங்க ஆறும் இப்படித்தான் போச்சு தம்பி" என்று அம்மா உங்களிடம்தான் சொன்னார். என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு நூலை இந்த அளவுக்கு இறக்கி வைத்துவிட்டுப் போகிற ஆளுக்கு நன்றி என்ற ஒரு சொல் பத்தாது, வேறு சொல் எனக்குத் தெரியவும் இல்லை.

எனக்கு இரவு வேலை இருந்த நாட்களுக்காக, அமிதவ் கோஷ் 2004இல் எழுதிய சுந்தரவனக் கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிப் பதிவு செய்து அனுப்பிய கல்லூரித் தங்கைக்கு: எழுத்தறியாத அந்தப் படகுக்காரன் ஃபோகிர், அம்மாவுக்கு இப்போது சொந்தக்காரன் மாதிரி. நீர் வடியும்போது ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், ஆழமான மடுவில் கூடுகிற இடத்தை மூன்று முறை திரும்பக் கேட்டார். கோடையில் மீனும் அப்படித்தான் மடுவில் ஒதுங்கும் என்றார். ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வைத் திருலோக சீதாராம் மொழிபெயர்ப்பில் தேடி எடுத்துத் தந்து, கெடு தாண்டியும் முகம் சுளிக்காமல் நீட்டித்துக் கொடுத்த நூலகர் அம்மாவுக்கும் நன்றி. தோணிக்காரர் வாசுதேவன் பேசும் பக்கங்களை வாசிக்கும்போது, அதிகம் பேசாத ஆள்தான் நல்ல தோணிக்காரர் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டியல் மட்டும் அனுப்பியவர்களுக்கும் நன்றி, அதில் பாதியைக்கூட நாங்கள் இன்னும் தொடவில்லை.

இந்த ஒரு வருடத்தில் நான் ஒரு பழைய நோட்டில் அம்மா சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், புத்தகம் ஒரு பக்கமும் அவர் பேச்சு எதிர்ப் பக்கமுமாக. ஏறக்குறைய நோட்டு நிறைந்துவிட்டது. நீங்கள் அனுப்பாமல் இருந்திருந்தால் தாத்தாவின் தோணியைப் பற்றி எனக்கு மூன்று வரிக்கு மேல் தெரிந்திருக்காது.

கடைசியாக ஒரு உதவி, இது அம்மா கேட்கச் சொன்னது. படகு ஓட்டினவர், வலை போட்டவர், ஆற்றோடு போனவர் எல்லோரும் எழுதியதைக் கேட்டாயிற்றாம். துறையில் குடம் நிறைத்து, துணி துவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, ஒரு நாளில் ஐந்து தடவை தண்ணீரில் கால் நனைத்த ஒரு பெண்பிள்ளை தானே எழுதிய புத்தகம் எங்காவது இருக்கிறதா என்று கேட்கிறார். எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி இப்போது காலியாகத்தான் இருக்கிறது.