பெட்ரோலில் கை கழுவியவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் ஒரு சகோதரி எழுதிய கடிதத்தைப் படித்தேன். இரவு பத்து மணிக்கும் காற்றாடி போதவில்லை, பூமி இப்படிச் சூடாவதற்கு நாம்தான் காரணம், நாம்தான் கார் ஓட்டுகிறோம், நாம்தான் தேத்தண்ணீரைப் பிளாஸ்டிக் பையில் புங்குஸ் செய்து, அதாவது கட்டி வாங்கிக்கொண்டு போகிறோம், நாம் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். தேத்தண்ணீர்ப் பை விஷயத்தில் அவர் சொன்னது ரொம்ப நியாயம். மற்றதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அந்தப் பழியை அவர் தலையில் ஏற்றி வைத்தவர்கள் மேல்.

நான் 1977-ல், பத்தொன்பது வயதில், இங்கே பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ஓர் எண்ணெய் நிலையத்தில் பம்ப் பிடிக்கச் சேர்ந்தேன். 2013-ல் முழங்கால் வலி தாங்காமல் நிற்கும்வரை அதே வேலைதான். ஆகவே பூமியைச் சூடாக்கியதில் என் கையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் கையில் கிரீஸ் பட்டால் நாங்கள் சோப்புத் தேட மாட்டோம். பம்ப் மூக்கில் தொங்கும் நாலு சொட்டைப் பிடித்துத் தேய்த்தால் போதும், கறை ஓடிவிடும். தவ்க்கே, அதாவது முதலாளி, எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். பெட்ரோல் வண்டியில் தவறி டீசலை அடித்துவிட்டால் ரப்பர் குழாயை டாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சி எடுப்போம். இரண்டு மூன்று முறை தொண்டைக்குள்ளேயே போயிருக்கிறது. வீட்டுக்குப் போனால் "குளிக்காமல் அடுப்புப் பக்கம் வராதீங்க" என்பார் என் மனைவி.

அப்போதைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக 1923-லிருந்து அமெரிக்காவில் கலந்து விற்றார்கள். மறு வருஷமே நியூ ஜெர்சியில் அந்தக் கலவையைத் தயாரித்த ஆலையில் வேலையாட்களுக்குச் சித்தம் கலங்கி, ஐந்து பேர் செத்துப்போனார்கள். பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அதைக் கண்டுபிடித்த தாமஸ் மிட்க்லி என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் கண்ணெதிரே அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார், மோந்தும் காட்டினார். முந்தைய வருஷம்தான் ஈய நஞ்சு ஏறி உடம்பு தேற ஓய்வுக்குப் போய் வந்தவர் அவர்! மனித உடம்பில் ஈயம் இயற்கையாகவே இருப்பதுதான் என்று சொல்லவும் அந்தக் கம்பெனிக்காரர்களிடம் ஒரு மருத்துவர் இருந்தார். கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி 1965-ல் அது பொய் என்று எடுத்துக்காட்டினார். அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்காமல் செய்யப் பார்த்தார்கள். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா ஈய பெட்ரோலை நிறுத்தியது எப்போது? 2021-ல். ஏறக்குறைய நூறு வருஷம்.

இதையெல்லாம் நான் ஓய்வுபெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்த அன்று ராத்திரி என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிட்க்லி ஒரு தடவை, அதுவும் நாலு பேர் பார்க்க, கழுவினார். நாங்கள் கழுவியது தினமும்.

பூமியைச் சூடாக்கும் கரிவாயு (கார்பன் டை ஆக்சைடு) கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1977-ல், ஜூலை மாதம், எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் தன் மேலிடத்தாரிடம், எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடாகும் என்று விளக்கினார். பிறகு அதே கம்பெனி ஆட்கள் போட்ட கணக்குகள் எவ்வளவு சரியாக இருந்தன என்று 2023-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலானவை பலித்துவிட்டன. அவர்கள் வீட்டு ஜோசியம் அவ்வளவு துல்லியம்.

சரி, தெரிந்துகொண்டு வெளியே என்ன சொன்னார்கள்? 1997 அக்டோபரில் பெய்ஜிங்கில் உலக எண்ணெய் மாநாடு. எக்ஸான் தலைவர் லீ ரேமண்ட் மேடையேறி, இருபது வருஷத்துக்கு முன் இருந்ததைவிட பூமி இப்போது குளிர்ந்திருக்கிறது என்றார். ஆசிய நாடுகளைப் பார்த்து, அவசரப்பட்டு எண்ணெய், நிலக்கரி உபயோகத்தைக் குறைக்க வேண்டாம் என்று புத்தியும் சொன்னார். 1997-லிருந்து இருபதைக் கழித்துப் பாருங்கள். 1977. தன் கம்பெனிக்குள்ளேயே எச்சரிக்கை வந்த வருஷத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு அந்த மனிதர் நமக்குப் பொய் சொல்லியிருக்கிறார். அந்த மாதம் இங்கே நாங்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தோம். இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம். அது வேறு கதை என்றாலும் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

மறு வருஷம் அமெரிக்க எண்ணெய்ச் சங்கத்தில் கூடிப் பேசியவர்கள் ஒரு திட்டமே எழுதி வைத்தார்கள். பருவநிலை அறிவியலில் இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று சாதாரண ஜனங்கள் நம்ப ஆரம்பித்தால் அதுதான் நமக்கு வெற்றி என்று அதில் இருந்தது. அந்தக் காகிதம் வெளியே கசிந்துவிட்டது. சந்தேகம் செல்லாத காலம் வந்ததும் அடுத்த வித்தை. பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி 2000-ல் பச்சையும் மஞ்சளுமாகப் பூப்போல ஒரு சின்னத்தை மாட்டிக்கொண்டது. நாலைந்து வருஷம் கழித்து, உங்களுடைய கார்பன் தடம் (அதாவது உங்களால் காற்றில் சேரும் கரிவாயு) எவ்வளவு என்று ஜனங்களைக் கேட்டு விளம்பரம் போட்டு, கணக்குப் பார்க்கும் கருவியையும் இணையத்தில் வைத்தது. கிணற்றில் விஷத்தைக் கலந்தவன், நீ எத்தனை குவளை குடித்தாய் என்று கேட்கிற மாதிரி.

என் பேத்தி பள்ளிக்கூட வேலைக்காக அந்த மாதிரி ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். "தாத்தா, வருஷத்துக்கு எத்தனை தடவை விமானம்?" ஒரு தடவையும் இல்லை. "ஏர்கோன்?" இல்லை. கடைசியில், "தாத்தா, நீங்க இன்னும் குறைக்கணுமாம்" என்றாள். அடி பாவி, இன்னும் எதைக் குறைப்பது? மூச்சைத்தான் குறைக்க வேண்டும்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. மத்தியானம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. பினாங்கில் ஏழு பேர் இறந்த வெள்ளம் அது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர். குளிர்பெட்டி மல்லாந்து மிதந்தது, அதன் மேல் பக்கத்து வீட்டுப் பூனை. மலையை வெட்டியதும் ஒரு காரணம், சாக்கடை அடைத்துக்கொண்டதும் ஒரு காரணம். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், பெய்தால் கொட்டித் தீர்க்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அன்று தண்ணீரில் நின்ற எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேருக்குக் காரே கிடையாது.

அப்படியானால் நாம் ஒன்றும் செய்ய வேண்டாமா என்று சகோதரி கேட்கலாம். நான் பேருந்தில்தான் போகிறேன். சாப்பாடு வாங்க டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். இதில் பாதி கஞ்சத்தனம், அது என் வீட்டாருக்குத் தெரியும். மீதிப் பாதி, எனக்கு இப்படி இருக்கப் பிடித்திருக்கிறது. அதற்காக யாரோ ஒருவர் தன் கணக்கை என் கணக்கோடு சேர்த்து எழுதிவிட்டு நழுவிப் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு பந்தல் போடுகிறோம். மோரும் ரோஸ் சிராப்பும். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் எண்ணெய்க் கம்பெனி உபயம் தருவதாக வந்தது. ஒரு பேனர், ஆறு பெட்டி பிளாஸ்டிக் கப். ஒவ்வொரு கப்பிலும் ஒரு பச்சை இலை, கீழே "பசுமயைக் காப்போம்" என்று எழுத்துப் பிழையோடு. மறுநாள் காலை அந்த ஆறு பெட்டியும் சாக்கடை ஓரம் குவிந்து கிடந்தது. இலை எல்லாம் மேலே பார்த்தபடி. எட்டு மூட்டை அள்ளினோம்.

போன தைப்பூசத்துக்கு நான் பிடிவாதம் பிடித்துவிட்டேன். கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் பழைய சில்வர் தம்ளர் நானூறு வாங்கினோம். மூன்று பெரிய பேசின்: ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். "நீ கழுவுவியா?" என்று கேட்ட பொருளாளரே நடு ராத்திரியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கழுவினார். மூட்டை ஒன்றரைதான் சேர்ந்தது, அதுவும் முக்கால்வாசி பக்கத்துப் பந்தல் குப்பை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளி சமயத்தில் எண்ணெய்க் கம்பெனிகள் முழுப் பக்கத்தில் பச்சை இலையும் குத்துவிளக்கும் போட்டு, செய்தி போலவே எழுதித் தருகின்றன. பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும், அது புரிகிறது. "விளம்பரம்" என்ற சொல்லை மட்டும் மூலையில் எறும்பு சைஸில் போடாமல், என்னைப் போல் கண்புரை வந்தவனுக்கும் தெரிகிற மாதிரி மேலே போடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நானூறு தம்ளரில் முப்பத்தெட்டு குறைகிறது. மோரைக் குடித்துக்கொண்டே காவடிக்குப் பின்னால் மலையேறிய யாரோ கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். அடியில் ஆணியால் கீறிய வேல் அடையாளம் இருக்கும். வரும் தைப்பூசத்தில் பந்தலில் வைத்துவிட்டுப் போகலாம், யாரென்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எண்ணெய் நிலையப் பணியாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு.