மொட்டைமாடி நிலையத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

திருச்சியில் எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆன்டெனா இப்போது, செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்கும் சாட்நாக்ஸ் வலையமைப்பில் ஒரு நிலையம். அது உங்களால்தான் நிற்கிறது.

தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஓடும் அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) செயற்கைக்கோள் ஓர் ஊருக்கு மேலே பத்து நிமிடம் தெரிந்தாலே பெரிது. மாணவர்கள் ராப்பகலாக உழைத்து அனுப்பிய சின்னப் பெட்டி, மற்ற நேரமெல்லாம் கடலுக்கும் காட்டுக்கும் மேலே பேசிக்கொண்டிருக்கும். அதைக் கேட்க ஊருக்கு ஊர் காது வேண்டும். ஏதென்ஸில் தொடங்கி, 2014-இல் ஹேக்கடே என்ற வன்பொருள் வடிவமைப்புப் பரிசு வென்ற சாட்நாக்ஸ் செய்வது அதைத்தான். யாரோ எங்கிருந்தோ நேரம் குறித்தால் போதும், எங்கள் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி அந்த நேரத்தில் கேட்டு, பதிவை இணையத்தில் ஏற்றிவிடும். சாட்நாக்ஸை நடத்தி, அதன் மென்பொருளையும் வடிவமைப்பையும் எல்லோருக்கும் திறந்துவைத்த லிப்ரே ஸ்பேஸ் அறக்கட்டளைக்கு முதல் நன்றி.

அப்புறம், முகம் பார்த்திராத அந்த ஜெர்மனி நண்பருக்கு. முதல் மாதப் பதிவுகளின் அலைவரிசைப் படத்தில் பளிச்சென்று ஒரு வளைகோடு வந்தது. செயற்கைக்கோள் என்றே நம்பியிருந்தேன். அவர் பொறுமையாக எழுதினார்: டாப்ளர் மாற்றத்தை (செயற்கைக்கோள் நெருங்கி விலகும்போது அதன் அலைவரிசை மாறித் தெரிவதை) மென்பொருளே சரிசெய்துவிடுவதால், வானத்திலிருந்து வருவது நேர்கோடாக நிற்கும். தரையில் அசையாமல் இருக்கும் இரைச்சல்தான் வளையும்.

தேடிப்போனால், பக்கத்து வீட்டு மாடிப்படி எல்இடி விளக்கு! அந்த வீட்டு அக்கா முகம் சுளிக்கவில்லை. "எத்தனை மணின்னாலும் போன் பண்ணு தம்பி, அணைச்சிடுறேன்" என்றவர், மூன்று நாள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து எனக்காக விளக்கை அணைத்துப் போட்டார். எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்த விளக்கின் டிரைவரை (அதற்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றை) மாற்றி, ஆன்டெனாக் கம்பத்துக்கு எர்த்தும் போட்டுக் கொடுத்தார். கூலி என்று ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

அடுத்த வாரம் 145.825 மெகாஹெர்ட்ஸில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தரவுப் பாக்கெட்டுகள் வந்தன. சின்னச் சின்னத் துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, நூல் பிடித்தாற்போல் நேராக. படத்தை முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். செல்போனைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை விடியற்காலை இரண்டு பதிவுகளுக்கு யாரோ நேரம் குறித்திருக்கிறார்கள். நிலையம் தயார்.

73 (ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து),
அன்புடன், உங்கள் மொட்டைமாடி ஹாம்