சீல்கள் காற்றை நிரப்பிக்கொண்டு மூழ்குவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான, ஆழ்கடலில் மூழ்கும் பாலூட்டிகளைப் பற்றிய கட்டுரையை ஆவலுடன் படித்தேன். யானை சீல்கள் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு மூழ்குவதாகவும், அதனால்தான் அவற்றால் நீருக்கடியில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. உடன் அச்சாகியிருந்த படத்தில், தலையின் இருபுறமும் சிறிய காது மடல்கள் தெரிய, முன் துடுப்புகளை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த விலங்கோ கடல் சிங்கம். படம் மாறியதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. ஆனால், மூழ்குவதற்குச் சொல்லப்பட்ட காரணம் உண்மைக்கு நேர்மாறானது. பள்ளிப் பிள்ளைகள் கத்தரித்துச் சேர்த்து வைக்கும் பக்கம் அது என்பதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

யானை சீல், வெடெல் சீல் போன்ற காது மடலற்ற சீல்கள் மூழ்கும்போது மூச்சை வெளியே விட்டுவிட்டே இறங்குகின்றன. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் அது உடலை மேலே தூக்கும். அதைவிடப் பெரிய கேடு, நீரின் அழுத்தத்தில் அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். பத்து மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்றால், 1,000 மீட்டர் ஆழத்தில் உடலை நெருக்கும் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். அங்கே சீலின் விலாக்கூடு உடையாமல் வளைந்து ஒடுங்குகிறது. நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. மிஞ்சிய சிறிதளவு காற்றும் கெட்டியான சுவருடைய மூச்சுக்குழல்களுக்குள் தள்ளப்படுகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலக்க அதற்கு வழியில்லை.

அப்படியானால் பிராணவாயு எங்கே இருக்கிறது? ரத்தத்திலும் தசையிலும் இருக்கிறது. மனிதரின் உடல் எடையில் ரத்தத்தின் பங்கு ஏறத்தாழ 7 சதவீதம். யானை சீலில் அது 20 சதவீதத்தை நெருங்குகிறது. அதன் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருந்து, மூழ்கும் வேளையில் சுருங்கி அவற்றை ரத்த ஓட்டத்தில் சேர்க்கிறது. தசையில் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் நம்மிடம் இருப்பதைப் போலச் சுமார் பத்து மடங்கு இருப்பதால், சீலின் தசை கறுப்பு என்றே சொல்லத்தக்க அளவுக்குக் கருஞ்சிவப்பாக இருக்கும். ஒரு புரதம் இவ்வளவு அடர்த்தியாகச் சேர்ந்தால் கட்டிதட்டிப் போக வேண்டுமே என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. ஆழம் மூழ்கும் விலங்குகளின் மயோகுளோபின் மூலக்கூறுகளின் மேற்பரப்பில் மின்னூட்டம் மிகுந்திருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொள்கின்றன என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். இந்த உடலமைப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். இவற்றோடு இதயத் துடிப்பும் வெகுவாகக் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் ரத்தம் கிடைக்கும்படி மற்ற உறுப்புகளுக்கான ஓட்டம் சுருக்கப்படுகிறது. தென் யானை சீல்கள் 2,000 மீட்டருக்கும் கீழே சென்றதும், சுமார் இரண்டு மணி நேரம் மூச்சின்றி இருந்ததும் பதிவாகியிருப்பது இத்தனையும் சேர்ந்து இயங்குவதால்தான்.

கரையில் படுத்திருக்கும் யானை சீலைக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கும் இதில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும். நாசித் துளைகள் இயல்பான நிலையில் மூடியே இருக்கும். தசையை இயக்கித்தான் அது அவற்றைத் திறக்க வேண்டும். உறங்கும் சீல் சில முறை மூச்சுவிட்டு, துளைகளை மூடிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கும் மேல் அசையாமல் கிடக்கும். அறியாதவர்கள் அது இறந்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

கட்டுரையாளர் சொன்ன காரணம் படத்திலிருந்த கடல் சிங்கத்துக்கு ஓரளவு பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். கடல் சிங்கங்கள் பெரும்பாலும் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே மூழ்குகின்றன. ஆழம் கூடினால் அவற்றின் நுரையீரலும் ஒடுங்கிவிடும். முன் துடுப்புகளைச் சிறகுபோல் அடித்து நீந்தும் அவை, பின் துடுப்புகளை உடலுக்கு அடியில் மடக்கித் தரையில் நடக்கவும் வல்லவை. யானை சீலோ பின் துடுப்புகளைப் பக்கவாட்டில் வீசி நீந்துவது. தரையில் வயிற்றால் உந்தித்தான் நகர முடியும். உறக்கத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. கடல் சிங்கத்தின் நெருங்கிய உறவான ரோமச் சீல், நீர்மட்டத்தில் மிதந்தபடி மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிடுகிறது. வட யானை சீல்களோ கடலில் இருக்கும் மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரமே உறங்குகின்றன. அதையும் மூழ்கும்போதே, மல்லாந்து சுழன்று கீழிறங்கியபடி உறங்குகின்றன என்பது, மூளை அலைகளைப் பதிவுசெய்து 2023-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

பிறந்த குட்டியும் தாயைப் போலவே ஆழ்கடலில் பாயும் என்ற வரியையும் திருத்த வேண்டும். வட யானை சீல் தன் குட்டிக்கு நான்கு வாரம் வரை பால் கொடுக்கிறது. அந்நாட்களில் தாய் எதையும் உண்பதில்லை. பாலில் கொழுப்பு பாதிக்கும் மேல் ஏறுவதால், 40 கிலோ அளவில் பிறந்த குட்டி 130 கிலோ வரை கொழுக்கிறது. தாய் கடலுக்குப் போனபின், குட்டி இரண்டு மாதத்துக்கும் மேல் கரையிலேயே உணவின்றித் தங்குகிறது. ரத்தத்தின் அளவும் தசையின் மயோகுளோபினும் பெருகுவதும், ஆழமில்லாத நீரில் அது நீந்திப் பழகுவதும் அந்தக் காலத்தில்தான். கரையில் தனித்துக் கிடக்கும் குட்டியைக் கண்டு இரக்கப்பட்டு அதை நீருக்குள் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அது குட்டிக்குச் செய்யும் உதவி அன்று. உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஆகவே, இந்த இரண்டு திருத்தங்களையும் அதே அறிவியல் பக்கத்தில், பிள்ளைகள் கண்ணில் படும் அளவில், யானை சீலின் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால், குட்டியைப் பற்றிய திருத்தத்துக்கு முதலிடம் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்