ஆற்றில் தண்ணீர் வருவதற்குள்: ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கொள்ளிடம் இப்போது வறண்டு கிடக்கிறது. பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்ட இதுதான் நேரம். மே மாத விடுமுறையில் அவர்களுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர நிதி திரட்டுகிறோம். அப்போது அவர்களை மணலில் நடத்திச் சென்று, மணல் அள்ளிய குழிகள் ஒவ்வொன்றையும் காட்டப் போகிறோம். சென்ற வாரம் நீர்ப் பாதுகாப்புக் குழு உறுப்பினர்கள் போய்ப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் குழியின் அடியில் நிற்கச் சொன்னோம்; இருபது அடி தள்ளி நின்ற அவன் தாத்தாவுக்குப் பேரனின் தலைகூடத் தெரியவில்லை. தண்ணீர் வந்துவிட்டால் அந்தக் குழியும் பக்கத்து முழங்கால் ஆழமும் மேலே ஒன்றுபோலத்தான் தெரியும்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அணை நிரம்பி உபரி நீரை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பினால், நம் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளில்கூட ஆறு பெருகி வரும். அதற்கு நாள் குறித்து வைக்க யாராலும் முடியாது. ஆகவே மே முதல் வாரத்தில் பயிற்சி தொடங்கியாக வேண்டும்.

தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் கோயில் குளம் என்று தண்ணீரோடு வளர்ந்த ஊர் இது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் வாழைமரத் தெப்பம் கட்டி, திட்டில் மாட்டிக்கொண்ட மனிதரையும் மாடுகளையும் கரை சேர்த்தவர்கள் நம் முன்னோர் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நீந்தத் தெரியாத பிள்ளையே அப்போது ஊரில் கிடையாதாம். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் குளத்தில் இறக்குவார்கள். கை கால் பழகியதும் குடுக்கையை அவிழ்த்துவிடுவார்கள். எந்தத் துறையில் கசம் என்னும் ஆழ்மடு, எந்தப் படியில் பாசி, மதகுக்குக் கீழே எதுவரை சுழல் இழுக்கும் என்பதெல்லாம் குளிக்கப் போகும் வழியிலேயே பேச்சோடு பேச்சாகப் பிள்ளைகள் காதில் விழுந்தன. வீட்டுக்கு வீடு மோட்டாரும் குளியலறையும் வந்தபின் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. பிள்ளைகள் விடுமுறை நாளில் மட்டும், அதுவும் நமக்குத் தெரியாமல், ஆற்றுக்குப் போகிறார்கள்.

சென்ற ஆடிப்பெருக்கன்று நாம் இழந்த இரண்டு பிள்ளைகளின் பெயரை இங்கே எழுதவில்லை. முதலில் இறங்கியவனைத் தூக்கப் போய்த்தான் இரண்டாமவனும் போனான். கரையில் பெரியவர்கள் இருந்தார்கள். யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சுக்கே வாய் போதாது. இதைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தண்ணீரில் தவிப்பவனைக் கண்டால் குதிக்காதே. கத்தி ஆள் கூப்பிடு. கயிறு, வேட்டி, மூங்கில், மூடிய காலி கேன், எது கிடைக்கிறதோ அதை எறி. மீட்ட குழந்தையின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் கூடாது. 108க்குச் சொல்லிவிட்டு, மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிறையாத குழந்தை. தவழும் குழந்தைக்கு ஆறு வேண்டாம், மூடாத அண்டாவே போதும். அதனால்தான் வீடு வீடாக வந்து தொட்டி, டிரம், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு எல்லாவற்றையும் பார்க்கப் போகிறோம்.

செலவுக் கணக்கு: குளத்தின் வடகரையைத் தூர்வாரி, ஆழ்குழாய் மோட்டார் மூலம் இடுப்பளவு நீர் நிரப்ப ரூ.1,60,000. பயிற்சியாளர்கள் நால்வருக்கு (இருவர் பெண்கள்) ரூ.1,20,000. துறைகளில் ஆழம் காட்டும் கம்பங்கள், கிணறுகளுக்கு இரும்பு வலை மூடி ரூ.90,000. மிதவை வளையம், கயிறு, மிதவைச் சட்டை ரூ.65,000. பிள்ளைகளுக்குப் பாலும் சுண்டலும் ரூ.50,000. மொத்தம் ரூ.4,85,000. வந்தது ரூ.2,92,000. குறைவது ரூ.1,93,000.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மகளிர் குழுவினர் தங்கள் சேமிப்பிலிருந்து ரூ.25,000 எடுத்து, மஞ்சள் தடவிய உறையில் வைத்துத் தந்தார்கள். வளைகுடா நாட்டில் லாரி ஓட்டும் நம் தம்பிகள் ஆளுக்கு ஒரு வாரச் சம்பளம் அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்ததோடு, பெயர் அட்டவணையையும் தாமே எழுதிக்கொண்டிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா நாள்தோறும் ஐம்பது ரூபாயை உண்டியலில் போடுகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர், அவன் சைக்கிளுக்காகச் சேர்த்துவைத்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிய எங்கள் கைகள் நடுங்கின.

மற்றவர்களை உரிமையோடு கேட்கிறோம். குடமுழுக்குக்கு ஒரே மாதத்தில் நிதி திரட்டிய ஊர் நாம். அந்த இரு பிள்ளைகளுக்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகை தெருவெங்கும் கட்டினோம். அந்தப் பணத்தில் எல்லாத் துறைக்கும் கயிறும் வளையமும் வாங்கியிருக்கலாம். அன்று அழுத வீடுகளில் பாதிக்கு மேல் இன்னும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. வடதிசைக் குளத்தில் மூழ்கிய அப்பர் பெருமானைத் திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்த ஐயாறப்பன் நம் முயற்சிக்கும் துணையிருப்பான். முயல வேண்டியது நம் கடமை.

ஏப்ரல் 30க்குள் பணம் வந்தால்தான் தூர்வாரும் இயந்திரத்துக்கு முன்பணம் கட்ட முடியும். தினமும் மாலை 6 மணிக்கு மேல் கோயில் முன்மண்டபத்தில் பொருளாளர் இருப்பார். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணமாகத் தர இயலாதவர்கள் பால், சுண்டல், தாம்புக் கயிறு, ஒரு நாள் உழைப்பு எதுவும் தரலாம். ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளின் பெயரையும் அங்கேயே பதியுங்கள். பெண் பிள்ளைகள் பெயர் இதுவரை மிகக் குறைவாகவே வந்திருக்கிறது. அவர்களுக்குக் காலையில் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்
பிள்ளைகள் நீர்ப் பாதுகாப்புக் குழுவினர்