சோற்றுக் கிண்ணமும் கைபேசியும்

தஞ்சாவூர்

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது, அப்பா நலம். சிங்கப்பூரில் உன் வீட்டில் இருந்த இரண்டு மாதமும் சொல்ல நினைத்து, வேலை முடிந்து நீ களைத்து வரும் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் அலுவலகம் போன பிறகு, மூன்று வயது நிலவனுக்குச் சோறூட்டக் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தவள் நான்தான். பத்து நிமிடத்தில் கிண்ணம் காலியாகிவிடும்; ஆனால் தின்றது ரசம் சோறா, தயிர்ச் சோறா என்பது அவனுக்கே தெரியாது. வயிறு நிறைந்ததும் தலையைத் திருப்பிக்கொள்ளும் பழக்கமும் அவனிடமிருந்து போய்விட்டது. ஒருநாள் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தபோது அவன் வாயையே திறக்கவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது.

நீயும் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவள்தானே என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் திரைப்பாடல்கள் முடிந்தால், அடுத்த வெள்ளி வரை காத்திருக்கத்தான் வேண்டும். நிறுத்தும் வேலையை நிலையமே செய்துவிடும், நான் பொல்லாதவள் ஆக வேண்டியதில்லை. யூடியூபிலோ ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. ஆட்டோபிளே என்னும் அந்த வசதியை அணைத்துவிடலாம் என்று எனக்குக் காட்டியவளே உன் மகள் யாழினிதான். அதை அணைத்து, "இது முடிந்ததும் கை கழுவப் போகிறோம்" என்று தொடங்கும்போதே சொல்லி, முடிந்தபின் அவன் கையாலேயே கைபேசியை வாங்கிக்கொண்டேன்; பாதியில் பிடுங்கிய நாட்களில் இருந்த அழுகை வெகுவாகக் குறைந்தது. உணவு வேளைக்கு முழுவதுமாக நிறுத்த எனக்கு ஒன்பது நாளாயிற்று. முதல் மூன்று நாள் அவன் பாதிச் சோறுதான் உண்டான்; நீ கேட்டபோது நான் மறைத்தேன், மன்னித்துக்கொள்.

உங்கள் ஊர்ச் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும், 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளி நேரம் போகத் திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்துக்குள், 7 முதல் 12 வயது வரை 2 மணி நேரத்துக்குள் என்றுதான் சொல்கிறது. உணவு வேளையிலும் உறங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் திரை வேண்டாம் என்கிறது. மணிக்கணக்கைவிட இந்த இரண்டு வேளைகளைக் காப்பது எளிது என்பது என் அனுபவம். கடிகாரத்தோடு சண்டையிட வேண்டியதில்லை.

யாழினியின் டேப்லெட்டில், பெற்றோர் தங்கள் கைபேசியிலிருந்தே கட்டுப்படுத்தும் ஃபேமிலி லிங்க் செயலியை மாப்பிள்ளை போட்டு நேரம் வரையறுத்திருக்கிறார், நல்லதுதான். ஆனால் நேரத்தைக் கூட்டும் அவருடைய கைபேசியின் பூட்டு எண் அவளுடைய பிறந்தநாள் என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். எண்ணை மாற்றச் சொல். அதோடு இரவு ஒன்பது மணிக்கு நான்கு பேருடைய கருவிகளும் கூடத்து மேசையிலேயே சார்ஜ் ஏறட்டும். உன்னுடையதும்தான், கயல். "அம்மா மட்டும் படுக்கையில் பார்க்கலாமா?" என்று அவள் என்னிடம் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளுடைய கண்ணாடிப் பவரும் ஏறியிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இனிப் பவர் ஏறாமல் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனாலும் வார இறுதியில் இருவரையும் கீழே விளையாட்டுத் திடலுக்கு அனுப்பு.

எங்களோடு காணொளியில் பேசும் நேரத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நிலவன் சாப்பிட்டு முடித்த பிறகு அழை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா